அம்மனுக்குப் படங்கு வேண்டாம்

நான் லினோவிலும் மரப்பலகையிலும் செதுக்கி அச்சுப்படம் எடுக்கிறவள். என் படங்களில் வருவது பெரும்பாலும் இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் இருக்கிற எங்கள் மலையகத்துப் பெண்கள், அவர்கள் கும்பிடுகிற சாமிகள், அப்புறம் அவர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றி வைத்திருக்கிற கோலம், உடம்பில் குத்திய பச்சை, ஒப்பாரி, கூத்து இவைதான். கொழும்பில் கண்காட்சி வைத்தால், "தோட்டத்துக் கஷ்டத்தைக் காட்டாமல் ஏன் சாமி படம் செய்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். எங்கள் மலையகத்து ஹட்டனில் வேறு கேள்வி வரும்: "சாமி படம்னா ஏன் கலர் இல்ல?" எனக்கு முக்கியமானது இரண்டாவது கேள்விதான். அதைக் கேட்கிறவரின் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே ஒரு அச்சுப்படம் தொங்குகிறது, அதோடு ஒப்பிட்டுத்தான் அவர் என்னிடம் கேட்கிறார்.

பழைய லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசைவீட்டில் ஒரு குடும்பத்துக்கான அறை, பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. படுக்கை, உடுப்பு, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் அதற்குள்தான். அவ்வளவு நெருக்கடியிலும் ஒரு மூலை சாமிக்கென்று ஒதுங்கியிருக்கும். ஒரு பலகைத் தட்டு, விளக்கு, திருநீற்றுக் கிண்ணம், மேலே வரிசையாகக் கலண்டர் படங்கள். தேதி கிழிந்து முடிந்த பிறகும் படத்தை யாரும் தூக்கிப் போடுவதில்லை. கீழே ஏதாவது நகைக்கடையின் பெயரோ புடவைக்கடையின் பெயரோ இருக்கும், அதை மடித்துவிட்டு பிரேம் போடுவார்கள், வசதி இல்லாவிட்டால் அப்படியே பசை தடவி ஒட்டிவிடுவார்கள். நான் முதன்முதலாக உற்றுப் பார்த்த ஓவியம் அதுதான். மாரியம்மனின் மூக்குத்தி, தலைக்குப் பின்னால் எழும்பும் சுவாலை, ஐந்து தலை நாகக்குடை, இதையெல்லாம் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் படங்களுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கதை இருக்கிறது என்பது படிக்கப் போன பிறகுதான் தெரிந்தது. ரவிவர்மா 1894இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அதுவரை அரண்மனைச் சுவர்களில் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் அங்கிருந்து காகிதத்தில் இறங்கி சாதாரண வீடுகளுக்குப் போனார்கள். நம் தென்பகுதிச் சாமிகளுக்கு முகம் கொடுத்தவர் கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜு (1898–1976). நாடகக் குழுவுக்குத் திரை வரைந்தவர் அவர். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்ததை சிவகாசி அச்சகங்கள் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளின, அது கடல் தாண்டி எங்கள் ஊர்க் கடைகளுக்கும் வந்தது. கோயில் படியேற விடாமல் வெளியே நிறுத்தி வைக்கப்பட்ட சனங்களின் வீட்டுக்குள், ஐயர் இல்லாமல், யாருடைய அனுமதியும் இல்லாமல் சாமி வந்து உட்கார்ந்தது காகிதத்தில்தான். அச்சு என்கிற தொழில் செய்த காரியங்களில் இதைவிடப் பெரியது இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததும் அதனால்தான். ஓவியம் ஒன்று இருந்தால் அது ஒருவரின் வீட்டில்தான் இருக்கும். அச்சுப்படம் என்றால் ஒரு லயத்தின் எல்லாக் காம்பராக்களிலும் இருக்கலாம்.

சரி, வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். லினோ என்பது ஆளிவிதை எண்ணெயோடு தக்கைத்தூளும் மரத்தூளும் குழைத்து, சணல் துணிமேல் பரப்பிக் காயவைத்த விரிப்பு. அதை வெட்ட வெட்ட, வெட்டிய இடம் வெள்ளையாகவும் விட்ட இடம் கறுப்பாகவும் காகிதத்தில் விழும். வெக்கையான ஊர்க்காரர்களுக்கு இது சுலபம். மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கக் குளிரில் லினோ விறைத்துப்போய் உளிக்கு அசையாது, மீறித் தள்ளினால் ஓரம் பொரிந்து உதிரும். ஆகவே அடுப்படியில் சுவரோரமாகச் சாய்த்து வைத்து, சூடு ஏறியதும் எடுத்து வெட்டுவேன், ஆறியதும் திரும்பக் கொண்டுபோய் வைப்பேன். அம்மா சோறு வடிக்கிற நேரமும் நான் முகம் செதுக்குகிற நேரமும் ஒன்றாகவே போகும். அச்சு இயந்திரம் என்னிடம் இல்லை. மை தடவிய லினோமேல் காகிதத்தை வைத்து, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் ஓரம் விடாமல் தேய்த்து எடுக்கிறேன். மை, அச்சகங்களில் மிஞ்சுகிற ஆஃப்செட் மைதான், கொஞ்சம் இறுகலாக இருக்கும், ஆளிவிதை எண்ணெய் சில சொட்டு விட்டு இளக்கிக்கொள்ளலாம். கை கழுவ, ரோலர் துடைக்க தேங்காய் எண்ணெய் போதும். ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டால் மை காயவே காயாது, அடுக்கி வைத்த காகிதத்தில் பூஞ்சணம் வரும். அந்த மாதங்களில் நான் செதுக்குவதோடு சரி, அச்செடுப்பதில்லை.

பலகைக்கு நான் பயன்படுத்துவது பழைய தேயிலைப் பெட்டி. காகித மூடைகள் வருவதற்கு முன்னால் ஸ்டோரிலிருந்து, அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, தேயிலை ப்ளைவுட் பெட்டிகளில்தான் போனது. உள்ளே ஈயத்தாள், மூலைகளில் தகரப் பட்டி, வெளியே தோட்டத்தின் பெயரும் பி.ஓ.பி. மாதிரித் தர எழுத்துகளும் எடையும் கறுப்பு மையில் குத்தப்பட்டிருக்கும். உடைந்த பெட்டிகள் எப்படியோ லயத்துக்கு வந்து சேர்ந்து அரிசிப் பெட்டியாகவும் துணிப் பெட்டியாகவும் வாழ்ந்தன. எங்கள் அம்மாவின் கல்யாணச் சேலை அப்படியொரு பெட்டிக்குள்தான் இருந்தது. அந்தப் பலகையைச் செதுக்கி மை தடவினால் மரத்தின் நார் ஓட்டம் அப்படியே விழும், ஆணி அடித்த துளைகள் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். அவற்றை நான் அடைப்பதில்லை. அம்மனின் முகத்துக்கு நடுவில் விழுந்தாலும் இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

முதலில் செதுக்கியது அம்மாயியின், அதாவது அம்மாவின் அம்மாவின், கையை. முழங்கைக்குக் கீழே உள்பக்கம் முழுக்கப் பச்சை. ஒரு கோலம், ஒரு தேள், மூன்று புள்ளி. அவர் தலைமுறைப் பெண்கள் பலருக்கும் இது இருந்தது, செத்தாலும் கூட வருகிற நகை இது ஒன்றுதான் என்பார்கள். தங்கம் அடகுக்கடைக்குப் போகும், பச்சை போகாது. டிரேசிங் தாளை அவர் கைமேல் வைத்து வரைந்து எடுத்தேன். அச்சில் எல்லாம் இடவலமாகத் திரும்பிவிடும், அப்படியே செதுக்கினால் இடதுகை வலதுகையாகிவிடும், ஆகவே தாளைத் திருப்பிப் போட்டுத்தான் செதுக்கவேண்டும். அம்மாயி, "என் கை என் கையாவே இருக்கணும்" என்று அதில் மட்டும் கண்டிப்பாக இருந்தார்.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக நின்ற லட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். 1964இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தலையெண்ணிப் பிரித்தார்கள். அம்மாயியின் அக்கா கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் நீலகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் தேயிலைதான். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஒரே குறத்தி குத்திய பச்சை, ஒரே கோலம். அம்மாயி என்னிடம் அதைச் சொன்ன பிறகு அந்தப் படத்தை மாற்றினேன். ஒரு கை கறுப்பில், கோலம் வெள்ளையாக. பக்கத்தில் இன்னொரு கை வெள்ளையில், கோலம் கறுப்பாக. நடுவில் எதுவும் போடவில்லை, கடல் போடு, கப்பல் போடு என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்று நினைத்தேன், இன்னமும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மாரியம்மனுக்கு வருகிறேன்.

கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் ஆண்கள்தான் அதிகம், அறுவடைக்கு வந்து திரும்பிப் போவார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார், 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது, அதற்குப் பிறகு மலை முழுக்கத் தேயிலையாக மாறியது. தேயிலைக்கு வருசம் முழுக்கக் கொழுந்தெடுக்கக் கைகள் வேண்டும். குடும்பம் குடும்பமாக வந்து இங்கேயே வேர்விட்டது அப்போதுதான், அதாவது பெண்களின் உழைப்பு தேவைப்பட்டபோதுதான். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தவர்களில் வாந்திபேதியிலும் அம்மையிலும் வழியிலேயே செத்தவர்கள் கணக்கில்லை. 2023இல், நாங்கள் வந்து 200 வருசம் ஆனதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் சனங்கள் திரும்ப நடந்தது அந்த வழியை நினைத்துத்தான். அம்மையைக் கொடுக்கிறவளும் எடுக்கிறவளும் மாரியாத்தா. அந்தப் பாதையில் அவளைக் கூட்டிக்கொண்டு வராமல் யாரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்? பாதை முடிகிற மாத்தளையில் முத்துமாரி இருக்கிறாள். அங்கிருந்து மேலே ஏற ஏற ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மாரி. குளிர்ப் பக்கங்களில் வேம்பு சரியாக வளராது, திருவிழாவுக்கு வேப்பிலை கீழிருந்து வரவேண்டும். அவளுக்கான இலையைக் கட்டுக்கட்டாக பஸ்ஸில் கொண்டுவருவார்கள், அந்த பஸ்ஸுக்குள் அடிக்கிற வாசம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

திருவிழாவில் நான் பார்த்துக்கொண்டே இருப்பது சாமி வந்து ஆடுகிற பெண்களை. கரகம் பாலித்து, தப்பு மேளம் வேகமெடுத்து, சாம்பிராணி சூழ்ந்ததும் யாராவது ஒருத்திக்கு உடம்பு நடுங்க ஆரம்பிக்கும். நேற்று வரை கொழுந்து நிறுக்கிற இடத்தில் கிலோ குறைந்ததற்குப் பேச்சு வாங்கியவள் அவள். இப்போது தலைவர், கங்காணி, கோயில் கமிட்டி எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நிற்கிறார்கள். "என்ன குறை தாயி, சொல்லு" என்று கெஞ்சுகிறார்கள். அவள் சொல்கிறாள். தண்ணிப் பீலி (தண்ணீர்க் குழாய்) உடைந்து கிடப்பதைச் சொல்கிறாள், குடித்துவிட்டு அடிக்கிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துகிறாள், சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் தம்பியைக் கைகோக்கச் சொல்கிறாள். அது நிஜமா நடிப்பா என்ற கேள்வியை நான் கேட்பதில்லை. நான் சாமியை நம்புகிறவள். இந்தச் சாமி பேசுவதற்கு ஒரு கொழுந்தெடுக்கிற பெண்ணின் வாயைத்தான் தேர்ந்தெடுக்கிறது, ஐயரின் வாயை அல்ல என்பது எனக்குப் போதும். அந்த வரிசையில் ஆறு பலகைகள் செதுக்கியிருக்கிறேன். எதிலும் முகம் தெளிவாக இருக்காது. அவிழ்ந்த கூந்தல், பின்னுக்கு வளைந்த முதுகு, அவளைத் தாங்கிப் பிடிக்கிற மற்றப் பெண்களின் கைகள். கூந்தலை உளியால் ஒரே இழுப்பில் இழுக்கவேண்டும், நடுவில் நின்றால் கோடு செத்துவிடும்.

அதே பெண் மாதத்தில் மூன்று நாள் கோயில் வாசலுக்கு வரக்கூடாது. இதைப் பற்றியும் ஒரு படம் இருக்கிறது, தோட்டத்தில் நான் அதிகம் பேச்சு வாங்கியதும் இதற்குத்தான். தேயிலை மலையில் கொழுந்தெடுத்து நிற்கிறவளுக்கு ஒதுங்க இடம் கிடையாது, பல தோட்டங்களில் தேயிலைச் செடிக்குள்தான் எல்லாம், அட்டையும் மழையும் வேறு. தீட்டு என்று கோயில் அவளை ஒதுக்குகிறது, ஆனால் மலை ஒரு நாளும் ஒதுக்குவதில்லை, அன்றைக்கும் குறித்த கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். நான் செதுக்கியது செங்கன்னூர் பகவதியை நினைத்து. கேரளத்தில் இருக்கிற அந்தக் கோயிலில் அம்மனுக்கே மாதவிடாய் வருவதாக நம்பிக்கை, திரிப்பூத்து என்று அதற்கு ஆராட்டு விழாவே நடக்கிறது. அசாமில் காமாக்யா கோயிலிலும் ஆனி மாதம் மூன்று நாள் நடை சாத்தி, அம்மனுக்கு ஓய்வு கொடுத்து, நாலாவது நாள் திறக்கும்போது பெருங்கூட்டம் கூடுகிறது. அசாமும் தேயிலை நாடு, ஆனால் அங்கே மலையில் நிற்கிற பெண்ணுக்கும் அந்த மூன்று நாள் ஓய்வு கிடைப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. என் படத்தில் அம்மன் நடை சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருக்கிறாள், வெளியே கொழுந்துக்கூடை கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பெரியவர்கள் திட்டினார்கள். வயசுப் பிள்ளைகள் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இதுவரைக்கும் அம்மா எதுவும் சொல்லவில்லை. அவர் வாயைத் திறந்தது அடுத்த படத்துக்கு. மாரியம்மனுக்குப் பட்டுச்சேலைக்குப் பதிலாகப் படங்கு, அதாவது கொழுந்தெடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டுகிற சாக்கு, கட்டிவிட்டு, கையில் சூலத்துக்குப் பதிலாகத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி கொடுத்துச் செதுக்கியிருந்தேன். கொழும்பில் ரொம்பப் பாராட்டினார்கள். அம்மா அடுப்படி வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"ஏம்புள்ள, நாம கோயிலுக்குப் படங்கோடயா போறோம்? கழுவிக் காயவச்சிட்டு, குளிச்சு, நல்ல சேல கட்டிக்கிட்டுத்தான போறோம். சாமிக்கு மட்டும் எதுக்கு இந்தச் சாக்கு?"

"அவளும் நம்மள மாதிரி வேலை செய்யிற பொம்பளைதான்னு காட்டத்தாம்மா."

"நம்மள மாதிரி ஒரு சாமி எதுக்கு? அதுக்கு நாமதான் இருக்கோமே."

இதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள். திருவிழாவுக்குப் பல தோட்டங்களில் சம்பளத்திலேயே கோயில் காசு பிடிப்பார்கள். அந்தக் காசில்தான் அம்மனுக்குப் பட்டு வருகிறது, மாலை வருகிறது, தேருக்கு லைட் வருகிறது. தாங்கள் கட்டமுடியாத பட்டை அவளுக்குக் கட்டிப் பார்க்கிறார்கள், தங்கள் லயத்து வாசல் வழியாக அவளை தோட்டத்தின் மேல்கணக்கிலிருந்து (மேல் பிரிவு) கீழ்க்கணக்கு வரை ராணி மாதிரி ஊர்வலம் கொண்டுபோகிறார்கள். அவள் ஜொலிப்பதில் அவர்களுடைய பங்கு இருக்கிறது. படித்துவிட்டு வந்த நான் அந்தப் பட்டை உருவிவிட்டு, சாக்கைக் கட்டிவிட்டு, உண்மையைக் காட்டுகிறேன் என்று சொன்னால் அது யாருடைய உண்மை? சாக்கில் ஏழ்மை தெரிகிறது, சரி. அதை ஏழு தலைமுறையாகக் கட்டினவர்களுக்குப் படத்தில் வேறு பார்க்கவேண்டுமா?

எலிசபெத் கேட்லெட் (1915–2012) என்ற கறுப்பின அமெரிக்கச் சிற்பியை நான் மறுபடி எடுத்துப் பார்த்தது அப்போதுதான். மெக்சிகோவில் இருந்துகொண்டு 1946, 47இல் கறுப்பினப் பெண்களைப் பற்றி 15 லினோ படங்கள் கொண்ட ஒரு வரிசை செய்தவர். 1952இல் குத்தகை விவசாயப் பெண் ஒருத்தியின் முகத்தை லினோவில் வெட்டினார். அகலத் தொப்பி, நரைத்த முடி, சட்டைக் கழுத்தைச் சேர்த்துப் பிடிக்க ஒரு ஊக்கு. ஏழ்மை அந்த ஊக்கில் இருக்கிறது. ஆனால் அவளைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிற மாதிரி வெட்டியிருப்பதால் அவள் மலை மாதிரி நிற்கிறாள். பரிதாபப்படவே முடியாது. எங்கள் அம்மாவின் தாலிக்கொடியிலும் இரண்டு ஊக்கு எப்போதும் தொங்கும், முள் எடுக்க, அறுந்ததைப் பிடிக்க, அவசரத்துக்கு. அந்த ஊக்கைப் பார்த்த பிறகு எனக்கு வேலை தெளிவாகிவிட்டது. சாமியைக் கீழே இறக்கத் தேவையில்லை, சாமி சிலைக்குப் பின்னால் போடுகிற வளைவான திருவாசியைக் கொண்டுவந்து கொழுந்தெடுக்கிற பெண்ணுக்குப் பின்னால் வைக்கவேண்டும்.

அப்படித்தான் இப்போதைய வரிசை தொடங்கியது. மூலவர் மாதிரி நேராக, அசையாமல் நிற்கிற பெண். பின்னால் யாளி வாயிலிருந்து எழும்பி வளைகிற திருவாசி, ஓரமெல்லாம் சுவாலை. பட்டுச்சேலை, காசுமாலை, மூக்குத்தி, தாலிக்கொடியில் ஊக்கு. தலையில் முக்காடு, கூடைக்கயிறு பதிந்த நெற்றி. கைகள் இரண்டுதான். நிறையக் கை வை, ஒன்றில் கரண்டி, ஒன்றில் பிள்ளை, ஒன்றில் புத்தகம் என்று செய் என்றார்கள். அது ஒவ்வொரு மகளிர் தினத்துக்கும் வருகிற படம், ஒருத்தியே எல்லாவற்றையும் செய்யட்டும் என்று மறைமுகமாகச் சொல்கிற படம், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தேயிலை விளம்பரங்களில் அவள் எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பாள், யார் வாங்குகிறார்களோ அவர்களைப் பார்த்து. என் படத்தில் சிரிக்கவில்லை. கண்ணை மட்டும் கலண்டர் அம்மனின் கண்ணாகவே வைத்தேன், அகலமாக, எந்த மூலையில் நின்று பார்த்தாலும் நம்மைப் பார்க்கிற மாதிரி.

அம்மா அதைப் பார்த்துவிட்டு மூக்குத்தி கொஞ்சம் பெரிசு என்றார். அப்புறம் இரண்டு பிரதி கேட்டார், ஒன்று பெரியம்மாவுக்கு. சாமித் தட்டில் வைக்கவில்லை, தன் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினார். அந்த இடம் சரியான இடம்தான்.

இந்த வரிசையில் காமனின் மனைவி ரதியும் உண்டு. மாசி மாதம் காமன் ஊன்றி, நாள் கணக்காக ஆடி, சிவன் நெற்றிக்கண்ணால் காமன் எரிகிற காமன்கூத்து எங்கள் தோட்டங்களின் பெரிய சொத்து. ரதி வேசம் கட்டுவது ஆண்தான், விரதம் இருந்து கட்டுவார். காமன் எரிந்ததும் அவர் வெள்ளைச் சேலையில் அழுகிற அழுகையில் லயத்துப் பெண்கள் எல்லாம் சேர்ந்து அழுவார்கள். ரதிக்காக மட்டுமா அழுகிறார்கள்? பெண்களின் ஒப்பாரியை எடுத்து ஒரு ஆண் பாட, அதைத் திரும்பக் கேட்டுப் பெண்கள் அழுகிறார்கள். அந்த ரதியை நான் ஒரே லினோவில் நிறம் நிறமாகச் செய்தேன். முதலில் கொஞ்சம் வெட்டி மஞ்சள் அடிக்கவேண்டும், அதே லினோவில் மேலும் வெட்டிச் சிவப்பு, மிச்சத்தில் கறுப்பு. கறுப்பு முடியும்போது லினோவில் அநேகமாக ஒன்றும் இருக்காது, திரும்ப அந்தப் படத்தை யாராலும் அச்சிட முடியாது. எரிந்து போகிறவனின் கதைக்கு இந்த முறைதான் பொருத்தம் என்று பட்டது. அரிதாரத்துக்கு மேலே முளைத்து நிற்கிற தாடி மயிரை நுனி உளியால் ஒவ்வொன்றாகக் குத்தினேன். அதை எடுத்துவிடச் சொன்னார்கள், விட முடியாது. அந்தக் கன்னத்தில்தான் கூத்தே இருக்கிறது.

ஹட்டன்காரர்களின் கலர் கேள்விக்கு ரதி ஒரு பதில். மற்றவை கறுப்பு வெள்ளையாகவே இருக்கும், கலரில் கொண்டையராஜுவோடு போட்டி போடுகிற எண்ணம் எனக்கில்லை. காகிதத்தைத் தேயிலைச் சாயத்தில் நனைத்துப் பழுப்பாக்கவும் மாட்டேன். எங்களைப் பற்றி யார் எது செய்தாலும் அதில் தேயிலைக் கறை இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். இந்தப் பெண்களின் வாழ்க்கையில் அது ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. என் காகிதம் வெள்ளையாக இருக்கட்டும்.

பிரதிகள் விசயத்தில் ஒரு தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அச்சுப்படம் என்றால் 10, 20 என்று அளவாக எடுத்து, ஒவ்வொன்றிலும் எண் போட்டு, கையெழுத்து வைத்து, பிறகு லினோவில் குறுக்கே கீறி அதைச் சாகடித்துவிடுவது வழக்கம். குறைய இருந்தால்தான் விலை. நான் நல்ல காகிதத்தில் எண் போட்டு எடுப்பது உண்டு, அந்தக் காசில்தான் மையும் உளியும் வாங்குகிறேன். ஆனால் லினோவைக் கீறமாட்டேன். எண் போடாமல், சாதாரணக் காகிதத்தில், கலண்டர் அளவில் தோட்டத்துக்கென்று தனியாக எடுக்கிறேன், ஒரு கொத்து ரொட்டி விலைகூட வராது. எண் போட்டதை வாங்குகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இரண்டு பேர் வேண்டாம் என்று போய்விட்டார்கள், பரவாயில்லை. தோட்டத் தொழிலாளர்களின் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சி அம்மாள் 1930களில் தோட்டம் தோட்டமாகப் போய் உரிமைப் பாட்டுப் பாடினார், 1940இல் அந்தப் பாட்டுகள் சின்னப் புத்தகமாக அச்சில் வந்தன. தோட்டத்துத் துரைமார் கூட்டம் கூட விடாத காலத்தில் மெல்லிய காகிதம் லயத்துக்குள் போய்விடும். காகிதம் மலிவாக இருந்ததால்தான் அது நடந்தது. நான் வந்தது அந்தப் பக்கத்திலிருந்து என்று நினைத்துக்கொள்ளத்தான் எனக்குப் பிடிக்கும்.

இப்போது பிள்ளைக் காம்பராவை, அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்தை, செதுக்கிக்கொண்டிருக்கிறேன். ஜெர்மனியில் கேத்தே கொல்விட்ஸ் தன் மகனை 1914இல் போரில் இழந்த பிறகு செதுக்கிய ஏழு மரச்செதுக்குகளில் ஒன்று, தாய்மார்கள் பிள்ளைகளை நடுவில் வைத்துக்கொண்டு ஒரே கறுப்புத் திரளாக இறுகி நிற்பது. அந்தத் திரளைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது, வேலைக்கு ஆள் எண்ணுகிற காலைப் பெரட்டுக்கு முன்னால் இருட்டோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து ஆயாவிடம் கொடுக்கிற நேரம், கம்பளி போர்த்திய தாய்மார்கள் வாசலில் நெருக்கி நிற்கிற நிற்பு. ஊருக்கே பிள்ளை வளர்த்த அந்த ஆயாவுக்குத்தான் இந்த முறை திருவாசி. படம் பெரிசு, நாலு பலகை சேர்த்தால்தான் ஆகும், என்னிடம் இரண்டுதான் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ பழைய தேயிலைப் பெட்டி, முக்கியமாகத் தோட்டத்தின் பெயர் அழியாமல் இருக்கிற பக்கம், அடுப்புக்குப் போகப்போகிறது என்றால் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை, மஸ்கெலியா எங்கே என்றாலும் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், பதிலுக்கு அதில் எடுக்கிற முதல் பிரதி உங்களுக்கு. புழு அரித்த பலகையாக இருந்தாலும் பரவாயில்லை.